செக்ரோலும் கிராண்டும்

சிலாங்கூர் ஆறு கடலை நெருங்கும் இடத்தில், கோல சிலாங்கூர் நகரை அடுத்து, கம்போங் குவாந்தான் என்னும் சிற்றூர் உள்ளது. இரவு நேரத்தில் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரமாயிரம் மின்மினிகள் சேர்ந்து ஒளிர்வதைக் காணப் பல நாட்டார் அங்கு வருகின்றனர். ஆனால் மலேசியத் தமிழர் அவ்வட்டாரத்தை முதலில் அறிந்தது மின்மினியால் அன்று, ரப்பர்த் தோட்டங்களால். கம்போங் குவாந்தான், புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, துவான் மீ, கோல்பீல்ட்ஸ், சுங்கை திங்கி என்று வட சிலாங்கூரில் அடுத்தடுத்துக் கிடந்த தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அங்கே பிறந்தனர், அங்கே மணம் முடித்தனர், அங்கேயே மண்ணாயினர். ஆயினும் அம்மண்ணில் ஓர் அடியும் அவர்களுக்கு உரியதாக எழுதப்பட்டதில்லை. இது எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு விடை ரப்பரின் விலைப்பட்டியலில் இல்லை. நிலச் சட்டத்தில் இருக்கிறது.

அவ்வட்டாரத்து மக்களின் பெயர்கள் மூன்று ஏடுகளில் எழுதப்பட்டன எனலாம். பெருநிலங்களைப் பெற்ற தோட்டக் கம்பெனிகளின் பெயர் கோலாலம்பூரில் இருந்த நிலவுரிமைப் பதிவகத்தின் ஏட்டில் ஏறியது. அதற்குச் சான்றாகக் கிடைத்த பத்திரமே 'கிராண்ட்' எனப்பட்டது. பத்து ஏக்கருக்கு உட்பட்ட சிறு நிலங்களை உடைய கம்பத்து மக்களின் பெயர் மாவட்ட நில அலுவலகத்தின் முக்கிம் ஏட்டில் இடம்பெற்றது. மூன்றாவது ஏடு தோட்டத்து ஆபீசில் கிராணியின் மேசைமேல் இருந்தது. அதுதான் செக்ரோல். தொழிலாளியின் பெயர், அவன் வேலைக்கு வந்த நாள், பெற வேண்டிய கூலி ஆகியவை அதில் குறிக்கப்பட்டன. முதலிரண்டு ஏடுகளில் பெயர் உள்ளவனுக்கு நிலம் உண்டு. மூன்றாம் ஏட்டில் பெயர் உள்ளவனுக்கு, அப்பெயர் இருக்கும்வரை, ஒரு லயத்து வீடு உண்டு. தோட்டப்புறத் தமிழரின் குடியிருப்பு வரலாறு முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கும்.

பழைய வழக்கும் புதிய சட்டமும்

கடல் கடந்து வந்த தமிழர் நிலவுரிமை என்னும் கருத்தை அறியாதவர் அல்லர். அவர்கள் விட்டு வந்த ஊர்களில் காணியாட்சி உடையோர் இருந்தனர். ஊரிலேயே நிலைத்துப் பயிரிட்ட உள்குடிகளும், பிற ஊரிலிருந்து வந்து பயிரிட்ட புறக்குடிகளும் இருந்தனர். நிலமின்றி உழைத்த பண்ணையாட்களும் இருந்தனர். வீட்டு மனைக்கென ஒதுக்கிய நிலம் நத்தம் எனப்பட்டது. இவ்வரிசையில் கடைசிப் படியில் இருந்தவர்களே பெரும்பாலும் மலாயாவுக்குக் கப்பல் ஏறினர். நிலவுடையாரின் மனையில் குடிசை கட்டிக்கொண்டு, அவர் விரும்பும்வரை இருப்பது அவர்களுக்குப் புதிதன்று.

மலாய் மக்களின் பழைய வழக்கமோ வேறு வகைப்பட்டது. காட்டை அழித்துப் பயிரிட்டவனுக்கே அந்நிலம் உரியது. பயிர் நிற்கும்வரை அது உயிருள்ள நிலம். கைவிடப்பட்டுக் காடு மூடிவிட்டால் அது செத்த நிலம். உழைப்பே உரிமைக்கு வேர் என்பது இதன் உட்பொருள். இவ்வழக்கத்தை நன்கு ஆராய்ந்து 1884-ஆம் ஆண்டில் நூலாக எழுதியவர் வில்லியம் மாக்ஸ்வெல் என்னும் ஆங்கில அதிகாரி. அதற்கு மாறான ஒரு முறையைச் சிலாங்கூரில் நிலைநாட்டியவரும் அவரே என்பது வரலாற்றின் விந்தை.

அம்முறையின் பிறப்பிடம் தென் ஆஸ்திரேலியா. அடிலெய்டு துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்த ராபர்ட் டொரன்ஸ், கப்பல்களின் உடைமை ஒரே பதிவேட்டைக் கொண்டு அறியப்படுவதைக் கண்டார். நிலத்துக்கோ, பழைய பத்திரங்களைச் சங்கிலித் தொடராகத் தேடிப் பிடித்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கப்பலுக்கு இயலுவது நிலத்துக்கும் இயலும் என்று அவர் கருதினார். 1858-ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் அங்கே சட்டம் பிறந்தது. அதன்படி, ஏட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உடையவர். எத்தனை ஆண்டு எவர் குடியிருந்தார், எவர் மரம் நட்டார் என்னும் கேள்விகளுக்கு இடமில்லை.

மாக்ஸ்வெல் 1889 முதல் 1892 வரை சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தார். 1891-ஆம் ஆண்டில் நிலவுரிமைப் பதிவுச் சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர் 1897-இலும் 1911-இலும் கூட்டு மலாய் மாநிலங்கள் நான்குக்கும் ஒரே வகையான சட்டங்கள் இயற்றப்பட்டன. 1926-இல் இயற்றப்பட்ட நிலச் சட்டம் 1928-இல் நடப்புக்கு வந்தது. இன்று தீபகற்ப மலேசியாவில் வழங்கும் தேசிய நிலச் சட்டம் 1965-இல் நிறைவேறி, 1966 ஜனவரி முதல் நாள் செயலுக்கு வந்தது. இடையில் 1913-ஆம் ஆண்டுச் சட்டம் மலாய்க்காரர் நிலங்கள் பிறர் கைக்குப் போகாதபடி ஒதுக்கு நிலங்களை வகுத்தது.

இச்சட்டங்கள் லண்டனில் பங்கு திரட்டிய கம்பெனிகளுக்குப் பேருதவியாயின. 1910-ஆம் ஆண்டை ஒட்டி ரப்பர் விலை வான் அளவு உயர்ந்தபோது, கண்ணால் காணாத நிலத்துக்கும் பணம் போட முதலாளிகள் முன்வந்ததற்கு ஏட்டின் உறுதியும் ஒரு காரணம். கம்பத்து விவசாயிக்கும் அவன் சிறு நிலம் ஏட்டில் ஏறியது. காட்டை வெட்டி, வடிகால் தோண்டி, கன்று நட்ட தமிழன் மட்டும் ஏட்டுக்குப் புறம்பாய் நின்றான். மலாய் வழக்கப்படி நோக்கினால் நிலத்தை உயிர்ப்பித்தவன் அவன். டொரன்ஸ் முறைப்படி நோக்கினால் அவன் கம்பெனியின் கூலியாள்.

வாடகை இல்லாத வீடு

தொழிலாளிக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பதைச் சட்டம் மறக்கவில்லை. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டபின், கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை ஓங்கியது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வீடு, நீர், மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது. குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குக் காய்கறி பயிரிட ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் விட வேண்டும் என்றும் விதி இருந்தது.

கேட்பதற்கு இது நன்மையே. ஆனால் சட்டத்தின் கண்ணில் இவ்வீடு எத்தகையது? வாடகை இல்லை, ஆகவே அவன் வாடகைக்காரன் அல்லன். குத்தகைப் பத்திரம் இல்லை. ஆகவே குத்தகைக்காரனும் அல்லன். வேலை செய்வதற்கு வசதியாக முதலாளி தங்க இசைந்தான், அவ்வளவே. வேலை முடிந்தால் இசைவும் முடியும். செக்ரோலில் பெயர் அடிக்கப்பட்ட நாளில் கூலியோடு கூரையும் போயிற்று.

இதன் விளைவை ஒவ்வொரு குடும்பமும் உணர்ந்திருந்தது. முதுமையால் தகப்பன் வேலையை விட்டால், வீட்டைக் காக்க மகனோ மகளோ செக்ரோலில் பெயர் பதிய வேண்டும். படிப்பை நிறுத்திப் பால்மரம் வெட்டப் போன பிள்ளைகளில் பலர் கூலிக்காக மட்டும் போகவில்லை; கூரைக்காகவும் போயினர். தோட்டப்புறத்தில் தலைமுறைதோறும் ஒரே தொழில் நிலைத்ததற்குச் சோம்பலையும் அறியாமையையும் காரணமாகக் காட்டுவோர் உண்டு. வீடும் வேலையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்ததை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

வீடு தன்னுடையது அன்று என்பது நாள்தோறும் நினைவூட்டப்பட்டது. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து, 1937-இல் அறிக்கை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அரசின் துணையோடு கூலியாட்கள் கடல் கடப்பதை இந்தியா தடுத்தது. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் மூண்டு பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில் ஆர். எச். நாதனின் தலைமையில் தொழிலாளர் விடுத்த கோரிக்கைகள் இங்கே கருதத்தக்கவை. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு ஆகியவற்றோடு, உற்றாரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக உரிமை வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. தன் வீட்டுக்கு மாமனும் மைத்துனனும் வருவதற்குத் துரையின் இசைவு வேண்டியிருந்தது. தோட்டத்து வழி தனியார் நிலம். அதில் கால் வைக்கும் வெளியான் அத்துமீறியவன். வேலைநிறுத்தம் படைபலத்தால் அடக்கப்பட்டது. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

நகரத்தில் வாடகைக்கு இருந்தவனின் நிலையை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு நன்கு விளங்கும். போருக்குப் பின் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டப்பட்ட கட்டடங்களில் வாழ்ந்தோரைக் காத்தது. நினைத்தபடி வாடகையை ஏற்றவும் குடியிருப்போரை வெளியேற்றவும் வீட்டுக்காரரால் இயலவில்லை. அக்காப்பு 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடர்ந்து, 1997-இல் நீக்கப்பட்டு, 1999 இறுதியோடு முற்றும் மறைந்தது. அதன் பின்னும் வாடகைக்காரனுக்கு ஒரு தற்காப்பு உண்டு. மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகை உடன்படிக்கையைப் பதிய வேண்டியதில்லை. வாய்ச்சொல்லாலும் அது செல்லும். அத்தகைய வாடகைக் காலம் முடிந்தாலும், நீதிமன்றத்தின் ஆணை பெறாமல் குடியிருப்பவனை வீட்டுக்காரர் வெளியேற்றலாகாது. மாதம் சிறு தொகை வாடகை கட்டியவனுக்கு இவ்வளவு காப்பு இருந்தது. வாழ்நாள் உழைப்பையே விலையாகக் கொடுத்த லயத்துக் குடும்பத்துக்கு அது கிட்டவில்லை.

துண்டாடல்

1957-இல் மலாயா விடுதலை பெற்றது. அதற்குச் சற்று முன்பிருந்தே பிரிட்டிஷ் கம்பெனிகள் சில தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் பலர், பெருந்தோட்டத்தைச் சிறு சிறு கூறுகளாக்கி மறுவிற்பனை செய்து பெரும் லாபம் கண்டனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. நூறு ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளதே சட்டப்படி தோட்டம். அதற்குக் குறைந்தால் அது சிறுதோட்டம். பழைய முதலாளியின் கடமைகளாக இருந்த வீடும் பள்ளியும் மருத்துவமும் சிறுதோட்டக்காரரைப் பற்றவில்லை. நிலம் கைமாறியபோது செக்ரோலும் மூடப்பட்டது. ஏட்டின்படி நடந்த விற்பனையில் குறை ஏதுமில்லை. லயத்தில் இருந்தோர் அதைத் தடுக்க வழியும் இல்லை.

1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை மலாயாப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இக்கேட்டை எதிர்த்துக் குரல் கொடுத்தது. சட்டமும் காலந்தாழ்த்தி விழித்தது. தேசிய நிலச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 214ஏ பிரிவு, தோட்ட நில வாரியத்தின் ஒப்புதலின்றித் தோட்டத்தைக் கூறுபோட்டு விற்பதைத் தடுக்கிறது.

அந்நாளில் எழுந்த மறுமொழிகளுள் ஒன்றே சட்டத்தின் உயிர்நிலையைப் பிடித்தது. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நிலத்தை விற்பவர் விற்கட்டும். வாங்குபவர் தொழிலாளராக இருக்கட்டும் என்பதே அவர் கருத்து. தோட்டந்தோறும் சென்று, தொழிலாளரைப் பங்கு வாங்கச் செய்தார். கூலியிலிருந்து மிச்சம் பிடித்த சிறு தொகைகள் ஒன்று சேர்ந்து, கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டம் முதன்முதலில் வாங்கப்பட்டது. அதன்பின் மேலும் பல தோட்டங்கள் சேர்ந்தன. கருணையை வேண்டி நிற்காமல், முதலாளியின் ஏட்டிலேயே தொழிலாளரின் பெயரை ஏற்றியது இம்முயற்சி. உடையவர் கூட்டுறவுச் சங்கமே. தனித்தனிக் குடும்பங்கள் அல்ல. ஆயினும் செக்ரோலில் இருந்தவன் கிராண்டின் பக்கம் ஓர் அடி வைத்தது அன்றுதான்.

காலம் கனியாத சட்டம்

தமிழரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு ஓரிடத்தில் எதிர்ப்பின்றி இருந்துவிட்டால் அவ்விடம் சொந்தமாகிவிடும் என்பர். இந்தியாவில் இதற்கு அடிப்படை உண்டு. உடையவரின் உரிமையை மறுத்து, வெளிப்படையாகவும் இடைவிடாமலும் தனியார் நிலத்தை ஆண்டு வந்தால், பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் உடையவர் வழக்காட இயலாது. அங்கும், உடையவரின் இசைவோடு இருப்பவனுக்கு இது பொருந்தாது. மலேசியாவிலோ இக்கொள்கைக்கே இடமில்லை. தேசிய நிலச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு அரசு நிலத்துக்கும், 341-ஆம் பிரிவு தனியார் நிலத்துக்கும் இதைத் தெளிவாக மறுக்கின்றன. பன்னிரண்டு ஆண்டு இருந்தாலும், நூறாண்டு இருந்தாலும், ஏட்டில் உள்ள பெயர் மாறாது. அரசு நிலத்தில் குடியேறியோருக்குச் சட்டப்படியான உரிமை எதுவும் இல்லை என்று 1982-இல் பேராக் மாநில வழக்கொன்றில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலவுடையாரின் ஊக்கத்தை நம்பி ஒருவன் தன் செலவில் வீடு கட்டியிருந்தால், நியாயத்தின் அடிப்படையில் நீதிமன்றம் சில வேளை இழப்பீடு வழங்கும். கம்பெனி கட்டிய லயத்தில் இருந்தவனுக்கு அதுவும் அரிது.

இவ்வுண்மையின் முழுக் கடுமை 1980-களுக்குப் பின் வெளிப்பட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்களும் ஆலைகளும் வந்தன. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையைச் சூழ்ந்த வட சிலாங்கூரில், மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் 245 குடும்பத்தினர், தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட வீடுகளுக்காக இருபது ஆண்டுக்கு மேலாகப் போராட நேர்ந்தது. அண்மை ஆண்டுகளிலேயே அரசின் உதவியோடு அவர்களுக்கு வீட்டுத் திட்டம் உருவாயிற்று. தொடக்கத்தில் கேட்டவர்களில் முதியோர் பலர் அதற்குள் மறைந்தனர். வாய்மொழி வாக்கு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. இதுவே அவ்வரலாறு புகட்டும் பாடம்.

வீட்டுக்கு நேர்ந்ததே பள்ளிக்கும் கோயிலுக்கும் நேர்ந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளி தோட்டத்து நிலத்தில் நின்றது. மாரியம்மன் கோயிலும் அவ்வாறே. நிலம் அரசுக்கோ பள்ளிக்கோ எழுதித் தரப்படாததால், தமிழ்ப்பள்ளிகள் பல இன்றளவும் அரசின் முழு உதவி பெறாமல் பகுதி உதவிப் பள்ளிகளாக நிற்கின்றன. கட்டடம் பழுதுற்றால் பெற்றோரும் ஆசிரியரும் கையேந்த வேண்டியிருப்பதன் வேர் அந்த 1891-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருக்கிறது.

மாறாத சட்டமா?

நிலவுரிமைச் சட்டம் கல்லெழுத்து அன்று. தஞ்சைத் தரணியில் மிராசுதாரின் மனையில் குடிசை கட்டி வாழ்ந்த பண்ணையாட்களின் நிலையும் ஒரு காலத்தில் லயத்துத் தமிழரின் நிலைக்கு ஒப்பானதே. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-இல் குடியிருப்பு மனையில் வாழ்வோரை வெளியேற்றாதபடி ஒரு சட்டம் காத்தது. 1971-இல் அம்மனைகள் அவர்களுக்கே உரிமையாக்கப்பட்டன. இலங்கை மலையகத்திலும், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் லயத்து அறைகளில் வாழ்ந்த தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் நிலமும் உறுதிப் பத்திரமும் அளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அது பெரும்பாலோரை இன்னும் எட்டவில்லை. மலேசியாவிலும் 1970-களில் தோட்டத் தொழிலாளர் வீட்டுடைமைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது முதலாளிகளின் விருப்பத்தைச் சார்ந்து நின்றது. தஞ்சைச் சட்டத்தைப் போல் கட்டாயமாக்கப்படவில்லை. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டின் தரத்தை உயர்த்தியது. வீட்டின் உரிமையை அது தொடவில்லை. கூரை நன்றாயிற்று, முடிச்சு அவிழவில்லை.

தோட்டத்தை விட்டு வெளியேறியோரின் மக்கள் இன்று அடுக்குமாடியிலும் தாமான் வீடுகளிலும் வாழ்கின்றனர். பலர் கடன் பட்டு வீடு வாங்கியுள்ளனர். அவர்கள் பெயர் முதன்முறையாக ஏட்டில் ஏறியிருக்கிறது. அந்த ஏட்டின் வலிமையையும் அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 2000-ஆம் ஆண்டில் பினாங்கு நிலம் பற்றிய வழக்கில், பொய்க் கையெழுத்தால் நிலம் கைமாறியிருந்தாலும், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவனுக்கே அது உரியது என்று கூட்டரசு நீதிமன்றம் கூறியது. உண்மையான உடைமையாளர் ஏமாந்து நின்றார். 2010-இல் அதே நீதிமன்றம் அத்தீர்ப்பு தவறென மாற்றியது. ஏட்டில் பெயர் ஏறினால் போதாது. அவ்வேட்டைக் கண்காணிக்கவும் வேண்டும். வீடு வாங்குவோர் பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்தில் தேடல் செய்து பார்ப்பதும், கட்டடம் முடிந்தும் தனிப்பட்டா வராவிடில் கேட்டு நிற்பதும், வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் உடன்படிக்கையை எழுத்தில் வைத்துக்கொள்வதும் வீண் சடங்குகள் அல்ல.

கம்போங் குவாந்தான் வட்டாரத்தில் லயங்கள் அருகிவிட்டன. அங்கே வாழ்ந்தோர் உழைப்பிலோ ஒழுக்கத்திலோ குறைந்தவர் அல்லர். அவர்கள் பெயர் தவறான ஏட்டில் எழுதப்பட்டது. அதனை மாற்றும் வழியைச் சட்டம் அவர்களுக்குக் காட்டவில்லை. பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியர், தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, அப்பெயர் எந்த ஏட்டில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வாரானால், இவ்வரலாறு வீண் போகாது.